கையை எப்போது எடுப்பது?

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 19 வயது, அறிவுசார் குறைபாடு. சான்றிதழில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. சிறப்புப் பள்ளி 18 வயதோடு முடிந்துவிட்டது, ஒரு வருடமாக வீட்டில்தான் இருக்கிறான். மணி கோப்பான், காகிதக் கவர் ஒட்டுவான். காலையில் வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்துவந்து ஃப்ரிட்ஜில் வைப்பான். யாரும் சொல்லாமல் அவன் செய்கிற வேலை அது ஒன்றுதான். கணவர் தபால் துறையில் இருக்கிறார், இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு. "இவனால் வேலைக்குப் போக முடியுமா? எங்கள் காலத்துக்கு அப்புறம் தனியாக இருப்பானா? இல்லை, இப்போதே ஏதாவது ஓர் இல்லத்தில் இடம் பார்த்து வைக்கட்டுமா?" இதுதான் அவர் கேள்வி.

இருபத்திரண்டு வருடமாகச் சிறப்பாசிரியராக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 75 சதவீதம். நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு முடியாது, மீதி கால் பங்குதான் முடியும் என்று நிறையப் பெற்றோர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படிப்பட்ட கணக்கே இல்லை. சமூகத் திறனை அளக்கும் வைன்லேண்ட் அளவுகோலில் 55 முதல் 69 வரை மதிப்பெண் வந்தால் லேசானது என்று வகைப்படுத்தி 50 சதவீதம் போடுவார்கள். 36 முதல் 54 வரை வந்தால் நடுத்தரம், 75 சதவீதம். அதற்கும் கீழே போனால் 90, 100. சலுகைகளைக் கணக்கிட அரசுக்கு ஓர் எண் தேவை. அதற்காக ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் பையனால் டீ போட முடியுமா, பஸ்ஸில் போக முடியுமா என்பதை அந்த எண் சொல்லாது. அமெரிக்காவில் இந்தத் துறையின் முக்கியச் சங்கம் 1992-லேயே லேசு, நடுத்தரம், தீவிரம் என்ற பிரிவுகளை விட்டுவிட்டு, ஒருவருக்கு எவ்வளவு துணை வேண்டும் என்று பார்க்கத் தொடங்கியது. எப்போதாவது கொஞ்சம் போதுமா, குறிப்பிட்ட காலத்துக்கு வேண்டுமா, தினமும் வேண்டுமா, எல்லா நேரமும் வேண்டுமா என்று நான்கு விதமாகப் பிரித்தார்கள். நீங்களும் இனிமேல் அப்படிப் பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதென்றால்: வேலைக்குப் போக முடியும். யார் துணையும் இல்லாமல் முழுக்கத் தனியாக இருக்க முடியுமா என்றால், அநேகமாக முடியாது. ஆனால் சுதந்திரமாக வாழ்வதற்கு அதை அளவுகோலாக வைக்காதீர்கள். என் வீட்டில் கேஸ் சிலிண்டரை மாட்டித் தருவது பக்கத்து வீட்டுத் தம்பி. வருமான வரிக் கணக்குக்கு ஆடிட்டர் இருக்கிறார். அதை வைத்து என்னைத் தனியாக வாழத் தெரியாதவள் என்று யாரும் சொல்வதில்லை. எந்த இடத்தில் எவ்வளவு துணை, அதை யார் தருகிறார், எப்போது கையை எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் விஷயம்.

கையை எடுப்பது என்றேனே, அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிறப்புப் பள்ளி முடிந்த பிள்ளைகளுக்கு நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று வீடு, டிவி, ஃபோன். இன்னொன்று தொழிற்பயிற்சி மையம். அங்கே மெழுகுவத்தி, ஃபினாயில், காகிதப் பை, ஃபைல் கவர் எல்லாம் செய்வார்கள். வீட்டில் சும்மா இருப்பதைவிட அது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. சிலருக்கு அந்த இடம்தான் ஒரே நட்பு வட்டம். ஆனால் பயிற்சி என்ற பெயரில் பத்து வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். முப்பது வயதிலும் அவர் 'டிரெயினி'தான். இது எனக்குப் பொறுக்கவே இல்லை. வேலைக்குத் தயாராகிவிட்டார் என்று நாம் தீர்மானிக்கும் நாள் வரவே வராது, ஏனென்றால் அந்த மேசையில் அவர் கற்றுக்கொள்வது அந்த மேசைக்கான வேலையை மட்டும்தான். மணி கோப்பதில் கைத்திறன் வளரும், சரி. மணி கோக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனி எது?

இந்தப் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது கடினம். பள்ளியில் நெகிழித் தட்டைக் கழுவத் தெரிந்த பிள்ளை, வீட்டு எவர்சில்வர் தட்டைப் பார்த்து நிற்கும். அதனால் 'முதலில் பயிற்சி, பிறகு வேலை' என்ற வரிசை நமக்குச் சரியாக இருக்கிறது, அவர்களுக்குச் சரிவருவதில்லை. அதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் வேலை, அந்த வேலையிடத்திலேயே பயிற்சி. 1980-களில் அமெரிக்காவில் இது சட்டத்துக்குள்ளேயே வந்தது, நம் ஊரில் இன்னும் சில இடங்களில் மட்டும்தான் நடக்கிறது.

இதற்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் கோல்டு. இவர்களால் எதுவும் முடியாது என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைக் கோக்கக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டார்கள். அதிகம் பேசவில்லை, 'சூப்பர், சபாஷ்' என்று பாராட்டிக்கொண்டே இருக்கவும் இல்லை. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார். ஒரு படியில் ஒருவர் தடுமாறினால், கற்றுக்கொடுத்த முறையில்தான் குறை என்று எடுத்துக்கொண்டு வேறு வழியில் முயன்றார். இதைப் படித்த நாளிலிருந்து 'இவனுக்கு வராது' என்ற வார்த்தையை என் வகுப்பில் நான் அனுமதித்ததில்லை.

நீங்கள் திருப்பூர் என்பதால் ஒரு பனியன் கம்பெனிக் கதையே சொல்கிறேன். அந்தப் பையனுக்கு அப்போது 22 வயது, டவுன் சிண்ட்ரோம். கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. அயர்ன் ஆகி மடித்து வரும் டி-ஷர்ட்டைப் பாலிபேக்கில் போட வேண்டும். சைஸ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பத்துப் பத்தாக அடுக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஐந்து வாரம் நானும் அவனோடு போனேன்.

முதல் நாள் ஒரு பீஸை உறைக்குள் போட்டான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அடுத்த பீஸ். மறுபடியும் முகம். பக்கத்தில் இருந்த அக்கா இருபது பீஸ் முடிக்கும் நேரத்தில் இவன் ஐந்து முடித்தான். கை வேகமாகத்தான் ஓடியது. ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டதில்தான் நேரம் போனது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து வருடம் அவன் கோத்த ஒவ்வொரு மணிக்கும் 'வெரி குட்' சொன்னது நாங்கள்தானே? சரியாகச் செய்தோமா என்று தானே பார்த்துக்கொள்ளும் வாய்ப்பையே அவனுக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் ஒரு கெட்டி அட்டையில் பத்துக் கட்டம் வரைந்து கொண்டுபோனேன். ஒரு கட்டத்துக்கு ஒரு பீஸ். பத்தும் நிறைந்தால் தூக்கிப் பெட்டியில் வை, அட்டை காலியானால் மறுபடியும் நிரப்பு. அவனுக்குப் பத்து வரை தப்பில்லாமல் எண்ண வராது. எண்ண வேண்டியதும் இல்லை, அட்டையே எண்ணிவிடும். அப்புறம் அவன் என் முகத்தைப் பார்ப்பது குறைந்தது, அட்டையைப் பார்க்கத் தொடங்கினான். ஸ்டிக்கருக்கும் இதே வழிதான். எம் சைஸ் பெட்டியின் மேல் ஒரு மாதிரி ஸ்டிக்கர், எல் சைஸ் பெட்டியின் மேல் இன்னொன்று. படிக்க வேண்டாம், ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

அயர்ன் டேபிளில் நீராவி புஸ்ஸென்று வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வான். சூப்பர்வைசரிடம் கேட்டு, அவன் இடத்தை மூலையில் இருந்த சுவர்ப் பக்கம் மாற்றினோம். ஒரு பைசா செலவில்லை. சட்டத்தில் இதற்கு 'நியாயமான இடவசதி மாற்றம்' என்பதுபோலக் கனமான பெயர் உண்டு. உண்மையில் நடந்தது ஒரு ஸ்டூலைப் பத்தடி தள்ளிப் போட்டது.

மூன்றாவது வாரம் நான் அவன் பக்கத்தில் இல்லை, செக்‌ஷனின் இன்னொரு கோடியில் உட்கார்ந்தேன். நான்காவது வாரம் கேன்டீனில். ஐந்தாவது வாரம் கேட்டில், வாட்ச்மேன் பக்கத்தில். ஆறாவது வாரம் நான் போகவில்லை, மாலையில் ஃபோன் மட்டும் செய்தேன். இதற்கிடையில் செக்கிங் அக்கா ஒருவர் அவனை எடுத்துக்கொண்டார். டீ டைமுக்குக் கூப்பிடுவார். ஸ்டிக்கர் மாறினால் "கண்ணு, இங்க பாரு" என்று காட்டுவார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவர் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். என் வேலை அந்த அக்காவுக்கு இடம் விடுவதுதான். முதல் சனிக்கிழமை சம்பளத்தில் வீட்டுக்கு நான்கு பரோட்டா பார்சல் வாங்கிக்கொண்டு போனான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு பெண்ணை ஒரு பேக்கரியில் சேர்த்துவிட்டு, பயத்தில் நான்கு மாதம் கூடவே இருந்தேன். கடைக்காரர் அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் என்னிடமே சொன்னார். நான் நின்ற வாரமே அவளும் நின்றுவிட்டாள். கையை எடுக்கத் தெரியாமல் நான் செய்த தவறு அது.

சரி, இது வேலையிடம். உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் பையனுக்கு இப்போது கற்றுக்கொடுக்க வேண்டியது மணி கோப்பதை அடுத்து வரும் கைவேலை இல்லை. ஒரு டம்ளர் டீ போடுவது. அதைப் படிப்படியாக எழுதிப் பாருங்கள். பாத்திரம் எடுப்பது, தண்ணீர் ஊற்றுவது, அடுப்பில் வைப்பது, தூள் போடுவது, பால் ஊற்றுவது, சர்க்கரை, வடிகட்டுவது, டம்ளரில் ஊற்றுவது, கொண்டுபோய்க் கொடுப்பது. பதினைந்து படிக்குமேல் வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லாதீர்கள். முதல் வாரம் எல்லாம் நீங்களே செய்து, கடைசிப் படியை மட்டும் அவனுக்கு விடுங்கள்: டம்ளரைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுப்பது. அடுத்த வாரம் கடைசி இரண்டு படி. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிகிற இடத்தில் அவன் இருப்பான், அப்பா "நல்லாருக்குடா" என்று சொல்வது அவனுக்குக் கிடைக்கும். தண்ணீர் அளவுக்குப் பாத்திரத்தின் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். கேஸ் அடுப்பு பயமாக இருந்தால் இன்டக்‌ஷன் அடுப்பில் கற்றுக்கொடுங்கள், அதில் தப்பே இல்லை.

உதவி செய்வதிலும் ஒரு வரிசை உண்டு. கையைப் பிடித்துச் செய்விப்பதுதான் மிகப் பெரிய உதவி. அடுத்தது முழங்கையை லேசாகத் தொடுவது. அடுத்தது விரலால் காட்டுவது. கடைசியில் ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நம் வீடுகளில் யாரும் மூன்று எண்ணும் வரைகூடப் பொறுப்பதில்லை. பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே "சர்க்கரை எடு, அதோ, அந்த டப்பா" என்று வந்துவிடும். வாயால் சொல்வதை நாம் சின்ன உதவி என்று நினைக்கிறோம். நிறுத்த முடியாத உதவி அதுதான். விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுக்கலாம், குரலை இழுப்பது கடினம். முடிந்தவரை படம், கோடு, கட்டம் போன்றவற்றை வையுங்கள். நீங்கள் அந்த அறையில் இல்லாதபோதும் அவை அங்கே இருக்கும்.

பஸ் பயணத்தையும் இப்படித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும், ஆனால் அவசரப்படாமல். ஒரே ஒரு ஊர், ஒரே ஒரு தடம். முதலில் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். பிறகு இரண்டு சீட் பின்னால். பிறகு அவன் முன்வாசலில் ஏறட்டும், நீங்கள் பின்வாசலில், ஒருவரையொருவர் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல். பிறகு அப்பா வண்டியில் பின்னால் வரட்டும். பிறகு நீங்கள் இறங்கும் ஸ்டாப்பில் காத்திருங்கள். சட்டைப் பையில் பெயரும் இரண்டு ஃபோன் எண்களும் எழுதிய அட்டை. ஸ்டாப்பைத் தவறவிட்டால் என்ன செய்வது என்பதை ஒரு நாள் வேண்டுமென்றே தவறவிட்டுப் பழக்க வேண்டும். கண்டக்டரிடம் அட்டையைக் காட்டுவான், அல்லது இறங்கி ஒரு கடை முன்னால் நின்று ஃபோன் செய்வான். பழக்காமல் விட்டால் பயந்துவிடுவான். பழக்கிவிட்டால் அது அவனுக்கு இன்னொரு படி மட்டும்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு தடம் பழக ஐந்து மாதம் ஆனது. இப்போது ஆறு வருடமாகத் தனியாகப் போய் வருகிறாள்.

வேலை தேடுவதில் ஒரு யோசனை. 'இந்தப் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள்' என்று போய் நின்றால் இரக்கப்பட்டு எடுப்பார்கள். இரக்கம் ஒரு தீபாவளி வரை ஓடும். அப்படிக் கேட்காமல், முதலில் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே யார் எந்த வேலையை முனகிக்கொண்டே செய்கிறார்? டெய்லர் எழுந்துபோய்ப் பீஸ் எடுத்துவருகிறாரா? செக்கிங் பெண்கள் பிசிறு வெட்டுவதற்காக நேரத்தைத் தொலைக்கிறார்களா? சூப்பர் மார்க்கெட்டில் கலைந்த சாமானை யாரும் அடுக்காமல் கிடக்கிறதா? அந்தத் துண்டு வேலைகளைச் சேர்த்தால் ஓர் ஆளுக்கான வேலை வந்துவிடும். அதைச் சொல்லிக் கேளுங்கள். "இரண்டு வாரம் பாருங்கள், நானோ டீச்சரோ கூட இருப்போம், சரிவரவில்லை என்றால் சொல்லுங்கள்" என்று கேட்டபோது மறுத்தவர்களைவிட ஒத்துக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவனுக்கு எது பிடிக்கும் என்பதும் முக்கியம். ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப வருவது உங்களுக்கும் எனக்கும் சலிக்கும், சிலருக்கு அதில்தான் நிம்மதி. ஆனால் எல்லோருக்கும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டிய பையனை மூலையில் உட்கார வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

அரசு வேலையைப் பற்றியும் கேட்பீர்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த 3 சதவீத இடஒதுக்கீட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இடமே இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 4 சதவீதமாக்கியது. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கல்வித் தகுதியும் தேர்வும் இருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து வையுங்கள், அதற்காகக் காத்திருந்து இந்த வருடங்களை விட்டுவிடாதீர்கள். 19 முதல் 25 வரையிலான வயது மிகவும் முக்கியம். வீட்டில் சும்மா இருக்கும் ஒவ்வொரு வருடமும் பள்ளியில் கற்றது கரைகிறது, உடம்பு ஏறுகிறது, காலையில் எழும் பழக்கமே போய்விடுகிறது.

சம்பளம் வாங்கினால் உதவித்தொகை நின்றுவிடுமா, ஓய்வூதியம் போய்விடுமா என்று பயந்தே பிள்ளையை வேலைக்கு அனுப்பாத பெற்றோர் நிறையப் பேர். உங்கள் வீட்டில் மத்திய அரசு ஓய்வூதியம் வரப்போகிறது, அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். மாற்றுத்திறனுள்ள மகனுக்கோ மகளுக்கோ பெற்றோருக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. முன்பு மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குமேல் வருமானம் இருந்தால் கிடைக்காது. 2021-இல் அதை மாற்றினார்கள். இப்போது அவனுடைய மற்ற வருமானம், அவனுக்கு வரவேண்டிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். சாதாரண விகிதம் என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். உங்கள் கணவரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 15,000, அதோடு அகவிலைப்படி. உங்கள் பையன் மாதம் எட்டாயிரமோ பத்தாயிரமோ வாங்கினால் ஓய்வூதியத்துக்கு ஆபத்தில்லை. உங்கள் கணவர் இருக்கும்போதே மகனின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள். பெற்றோர் போன பிறகு அண்ணன் தம்பி அலைந்து வாங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு எளிது. மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு, இவற்றை இன்னும் வாங்கவில்லை என்றால் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பணம் அவன் கைக்கு வர வேண்டும். அவன் பெயரில் கணக்கு இருக்க வேண்டும். ஒரு வங்கியில் "கார்டியன் சான்றிதழ் இல்லாமல் முடியாது" என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதே தெருவில் இன்னொரு வங்கியில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொத்து வைத்துக்கொள்ளவும் தங்கள் பணத்தை நிர்வகிக்கவும் வங்கிக் கடன் பெறவும் இவர்களுக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்கிறது. அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். ஜிபே வேண்டும் என்று கேட்பான், கேட்கட்டும். பெரிய தொகை ஒரு கணக்கில், வாரச் செலவுக்கு ஐந்நூறு ரூபாய் மட்டும் இன்னொரு கணக்கில். அந்தச் சின்னக் கணக்கை மட்டும் ஃபோனோடு இணையுங்கள். ஏமாந்தாலும் ஐந்நூறோடு போகும். ஒரு தடவை ஏமாறுவது அவனுக்கும் ஒரு பாடம்தான், நாம் எல்லோரும் அப்படித்தானே கற்றோம்?

இனி சொல்லப்போவதைப் பற்றி எந்தப் பெற்றோரும் என்னிடம் கேள்வி கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். 19 வயது ஆணுக்கு 19 வயது உடம்பு. எங்கே கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், யார் எங்கே தொடலாம், யாரைத் தொடக்கூடாது, 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் நேரடியான வார்த்தைகளில், படம் வைத்து, இப்போதே சொல்லிக்கொடுங்கள். வேலையிடத்தில் வேலை போவதற்கு வேகக் குறைவு காரணமாக இருப்பது குறைவு. ஓர் அக்காவைக் கட்டிப்பிடித்தான் என்பது மாதிரியான காரணம்தான் அதிகம். சின்ன வயதில் கொஞ்சிக் கொஞ்சி நாம் பழக்கியது அது. கைகொடுப்பது, வணக்கம் சொல்வது என்று மாற்றுங்கள். அப்புறம், "ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் வருவார்கள். விஷயத்தை மறைத்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து ஆயுள் முழுக்கப் பராமரிக்கிற ஆளாக ஆக்குவது பாவம். அவன் ஒருத்தியை விரும்பி, இரண்டு பேரும் புரிந்துகொண்டு, இரண்டு குடும்பமும் துணை நிற்கும் என்றால் அது வேறு பேச்சு.

இல்லத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல இல்லங்கள் இருக்கின்றன, பெற்றோர் சேர்ந்து நடத்தும் சின்ன வீடுகளும் இருக்கின்றன. ஆனால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் சாப்பிட்டு ஒரே நேரத்தில் படுக்கும் இடத்துக்கு 19 வயதில் போனால், டீ போடக் கற்றுக்கொள்ள அவனுக்கு அங்கே அடுப்பே இருக்காது. வீட்டிலேயே பழக்குங்கள். மாதத்தில் ஓர் இரவு நீங்கள் இருவரும் வெளியூர் போங்கள், அவன் சித்தப்பாவோ சித்தியோ வந்து படுத்துக்கொள்ளட்டும். அடுத்தது இரண்டு இரவு. மாடியில் ஒரு போர்ஷன் இருந்தால் அவனை அங்கே மாற்றலாம். கீழே நீங்கள், மேலே அவன். ஒரு நாள் அந்தக் கீழ் வீட்டில் நீங்கள் இல்லாமல் வேறு யாராவது இருந்தாலும் அவன் வாழ்க்கை தலைகீழாகாது. வீட்டுக்கு வெளியேயும் இப்போதே ஆட்கள் வேண்டும்: கடைக்காரர், பஸ் ஸ்டாப் ஆட்டோ அண்ணன், செக்கிங் அக்கா, கோயில் பூசாரி என்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பத்துப் பேராவது இருக்க வேண்டும். ஒரே ஒரு ஆளை நம்பிப் பிள்ளையை ஒப்படைப்பதைவிட, ஆளுக்குக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும் பத்துப் பேர் எனக்கு நம்பிக்கை தருகிறார்கள்.

கூடப் பிறந்தவர்கள் இருந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள். "அக்கா பார்த்துக்கொள்வாள்" என்று அக்காவிடம் கேட்காமலே முடிவு செய்திருக்கும் வீடுகள் ஏராளம். எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்று அவள் சொல்லட்டும். மாதம் ஒரு முறை கணக்குப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னால் அதையே எழுதிவையுங்கள்.

சட்டப்படி 18 முடிந்ததும் நீங்கள் அவனுக்கு இயற்கைப் பாதுகாவலர் இல்லை. 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகலாம். ஆனால் அது பொதுவாக எல்லா முடிவுகளையும் பாதுகாவலர் கைக்குக் கொடுத்துவிடும். 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவில் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவல்' இருக்கிறது. குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவனோடு கலந்து பேசி எடுக்கும் முடிவுக்கு மட்டும். எதற்காகத் தேவை என்று முதலில் யோசித்து, அதற்கு ஏற்றதைக் கேளுங்கள். சொத்து விற்பனை போன்ற தேவை இல்லாதவரை அவசரம் இல்லை. உயில் மட்டும் இப்போதே எழுதுங்கள்.

உயிலோடு ஒரு நோட்டும் வேண்டும். அவன் என்ன மாத்திரை சாப்பிடுகிறான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், கோபம் வந்தால் எவ்வளவு நேரம் தனியாக விட வேண்டும், தயிர் சாதத்தில் மாதுளை போட்டால்தான் சாப்பிடுவான் என்பது வரை எழுதுங்கள். நீங்கள் பத்தொன்பது வருடத்தில் தெரிந்துகொண்டது உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. ஒரு முறை அழைத்துப்போய் முழு மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அவன் படித்த சிறப்புப் பள்ளி ஆசிரியரையும் விட்டுவிடாதீர்கள். வேலையிடத்துக்குக் கூட வர அவர்தான் முதலில் பொருத்தமான ஆள்.

நாளைக்கே எதில் தொடங்குவது என்று கேட்டால், பால் பாக்கெட்டில். அவனே செய்கிற ஒரே வேலை அது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் அதிலிருந்தே நீட்டுவோம். பால்காரரிடம் நாளை முதல் வாசலில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தெருமுனைக் கடையில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "பையன் வருவான், அவன் கேட்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க." சரியான சில்லறையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மூடியில் பால் பாக்கெட்டின் உறையில் ஒரு துண்டை வெட்டி ஒட்டுங்கள். முதல் மூன்று நாள் கூடப் போங்கள். அடுத்த மூன்று நாள் பாதி வழியில் நில்லுங்கள். அப்புறம் வாசலில். அப்புறம் ஜன்னலுக்குப் பின்னால். திரும்பி வந்து அவனே வெட்டி, கோடு கீறிய பாத்திரத்தில் ஊற்றட்டும். இரண்டு வாரம் கழித்து எந்தப் படியில் நின்றான் என்று எழுதுங்கள். அந்தப் படிக்கு வேறு வழி யோசிக்கலாம்.